பால் மறக்க இருபத்திரண்டு நாள்

ஜன. 20, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை எதிர்வீடே தெரியவில்லை. துணி காயாது.

டிக்கெட் வந்துவிட்டது. பிப்ரவரி 11, திருச்சியிலிருந்து. இன்னும் 22 நாள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லம், நர்ஸ் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். இவர் போனில் டிக்கெட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். என் பெயரில் எழுத்துப் பிழை இல்லையாம். அவ்வளவுதான் சொன்னார். வயலுக்குப் போய்விட்டார்.

செய்ய வேண்டியவை:
– சான்றிதழ் நகல், மூன்று செட்
– ஸ்வெட்டர். மன்னார்குடியில் நல்லதாகக் கிடைக்குமா?
– பல் டாக்டர்
– மகிக்குப் பால் மறக்கடிக்க

கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். திரும்ப எடுக்க அரை மணி ஆனது. மகிழினிக்குப் பதினாறு மாதம். இட்லி தின்கிறாள், சோறு தின்கிறாள், மண்ணும் தின்கிறாள். ஆனால் தூங்க, அழுகையை நிறுத்த, விழுந்தால், விழாவிட்டாலும், பால்தான்.

மூன்று மணிக்கு ஆன்லைன் வகுப்பு. போகிறவர்களுக்கு ஏஜென்சி நடத்துகிற இங்கிலீஷ் பேச்சு வகுப்பு, திருச்சி மேடம். இந்த வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதற்கு என்னென்ன வார்த்தை என்று. பத்து கொடுத்திருக்கிறார். டிமினிஷ், டுவிண்டில், சப்சைட், டேப்பர் ஆஃப், வேர் ஆஃப், ஃபேட், வேன், எப், ரிசீட், பீட்டர் அவுட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், சொந்த வாழ்க்கையிலிருந்து, குரலில் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

"எல்லாத்துக்கும் டிக்ரீஸ், டிக்ரீஸ்னு சொல்லாதீங்கம்மா. வலி எப்படிப் போச்சு, சட்டுனு போச்சா, மெதுவாப் போச்சா, அதுலதான் டாக்டருக்கு விஷயம் இருக்கு" என்றார். சரிதான். பத்து வருடம் வார்டில் நின்றவளுக்கு அது தெரியும். வார்த்தைதான் தெரியாது.

ஜன. 21, புதன்

இன்று மகி குடித்தது: காலை 5.30, 8, 10.15, மதியம் 1, 3.40 (வகுப்பு நடுவில், கேமராவை அணைத்துவிட்டு), 6, 8. இரவில் எண்ணவில்லை.

அடுப்படியில் யோசித்தது. நமக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் தணியும். வீக்கம் வடியும். வலி அடங்கும். மழை ஓயும். நிலா தேயும். பால் வற்றும். மேடத்துக்கு எழுதி அனுப்பினேன். "சூப்பர்" என்று கைதட்டுகிற படம் மூன்று போட்டார்.

இவருடைய அக்கா பொங்கலுக்கு மன்னார்குடியிலிருந்து வந்தவர் இன்னும் இருக்கிறார். அண்ணிக்கு எல்லாவற்றுக்கும் மருந்து தெரியும். நான் நர்ஸ் என்பதை மரியாதையாக மறந்துவிடுவார்.

"வேப்பிலைய அரைச்சுத் தடவு சுகன்யா. ஒரே நாள். எம் பையன் ஒரு வாய் வச்சான், மூஞ்சிய சுளிச்சான், அதோட சரி."

ஜன. 22, வியாழன்

மேகமூட்டம். அறுப்பு ஆரம்பிக்கிற நேரத்தில் தூறல் போட்டுத் தொலைக்கக் கூடாது.

வேப்பிலை. அண்ணி தன் கையால் அம்மியில் அரைத்துக் கொடுத்தார். தடவிக்கொண்டேன். மகி வந்தாள், வாய் வைத்தாள். விலகினாள். என்னைப் பார்த்தாள். நாக்கை வெளியே நீட்டி உள்ளே இழுத்தாள். அண்ணி "ஆங், பாத்தியா!" என்றார். மகி திரும்ப வாய் வைத்தாள். வேப்பிலையையும் சேர்த்துக் குடித்துவிட்டு, பச்சையான வாயோடு அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி இது, ஆட்டுக்குட்டியா பெத்துருக்க?" என்றார் அண்ணி.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அது ஏன் என்று தெரியவில்லை.

வேர் ஆஃப் வாக்கியம் கிடைத்துவிட்டது. கசப்பு வேர் ஆஃப் ஆனது, மகள் ஆகவில்லை. அனுப்பினேன். மேடம் குரல் பதிவில் சிரித்தார். பிறகு, "பாப்பாவுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றார்.

ஜன. 23, வெள்ளி

இன்று நானே முடிவு செய்தேன். ஒரேயடியாக நிறுத்திவிடுவது. இரண்டு நாள் அழுவாள், அப்புறம் பதினாறு பதினேழு நாள் நிம்மதியாக வைத்துக் கொஞ்சலாம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இப்படிச் செய்யக் கூடாது என்று பிரசவ வார்டில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன். ஸ்டீராய்டு மாத்திரையைக்கூடச் சட்டென்று நிறுத்த மாட்டோம், நாளுக்கு நாள் அளவைக் குறைப்போம். அதற்குப் பெயர்தான் டேப்பர். தெரியும். தெரிந்தவள்தான் செய்கிறேன்.

காலையிலிருந்து கொடுக்கவில்லை. நைட்டி ஜிப்புக்கு மேல் ஊக்கு. அதன் மேல் துண்டு. மகி துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள். நின்றாள். வாழைப்பழம் கொடுத்தால் வாங்கி என் வாயில் வைத்தாள், எனக்கு லஞ்சம் கொடுப்பதைப்போல.

ஜன. 24, சனி

ஒன்றும் எழுத முடியவில்லை. மகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. எனக்கு மார்பு இரண்டு பக்கமும் பால் கட்டிக் கல்.

ஜன. 25, ஞாயிறு

எனக்குக் காய்ச்சல், 101. குளிர். மகி என் பக்கத்தில் வராமல் வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். வைவதுபோல ஒரு பார்வை. பிழிந்து எடுத்துக் கொட்டினேன். கொட்டும்போது அழுகை வந்தது. பக்கத்து அறையிலேயே கேட்கிறவள் இருக்கிறாள், நான் பாத்ரூமில் கொட்டுகிறேன்.

அண்ணியின் அடுத்த மருந்து மல்லிகைப்பூ. நெருக்கமாகத் தொடுத்த சரத்தை மார்பில் வைத்துக் கட்டினால் இரண்டு நாளில் பால் வற்றும். எங்கள் மருத்துவமனையில் மூத்த சிஸ்டர் ஒருவரே தாய்மார்களுக்கு இப்படிக் கட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் போர்வையை இழுத்துவிடுவார்.

இவரைத் திருத்துறைப்பூண்டிக்கு அனுப்பினேன். பத்து முழம், நெருக்கமாக, மல்லி. வந்தார். கையில் காக்கட்டான், பார்க்க மல்லி போலவே இருக்கும், மல்லி இல்லை. தை மாதப் பனியில் மல்லி குதிரைக்கொம்பு, பூக்காரம்மா காக்கட்டானை எடுத்து நீட்டியிருக்கிறார், இவரும் நீட்டியதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஏழு வருடம் எனக்குப் பூ வாங்கித் தந்த மனிதர்!

"பூ பூதானே?" என்றார்.

"நெல்லு நெல்லுதானே, பொன்னி கேட்டவனுக்கு ரேஷன் அரிசிய அள்ளிப் போடுங்களேன்" என்றேன். காய்ச்சலில் வாய் நீளம். பைக்கைத் திருப்பினார். மன்னார்குடி வரை போய் நிஜ மல்லி நாலு முழம் கொண்டுவந்தார். விலை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கட்டிக்கொண்டேன். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். இரண்டு நாளாக ஒதுங்கியிருந்த மகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, பூவில் முகத்தை வைத்து, தேடி, தேடிக்கொண்டே தூங்கிவிட்டாள். நகர்த்த மனசு வரவில்லை. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஜன. 26, திங்கள்

காய்ச்சல் தணிந்தது. சப்சைட். வாக்கியம் அனுப்பியாயிற்று.

பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியில் காலையிலிருந்து கொடியேற்றம், மிட்டாய், பேச்சுப்போட்டி. அதற்கு நடுவில் அண்ணி சொன்னார்.

"நான் சொல்றத கேளு. மகிய எங்கூட மன்னார்குடிக்கு அனுப்பு. ஒரு வாரம். உன் வாசமே இல்லாம இருந்தா தானா மறந்துடும். அங்க எம் பொண்ணுங்க இருக்கு, விளையாடும். எல்லாரும் அப்படித்தான் பண்றது."

ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பால் மறக்க அத்தை வீட்டுக்கு அனுப்புவது. நல்ல முறை, சீக்கிரம் நடக்கும். ஆனால் என்னிடம் மிச்சம் இருப்பது பதினாறு நாள். அதில் ஏழைக் கொடுத்தால் ஒன்பது. போன பிறகு இரண்டு வருடம். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். மகி கரகரத்த குரலில் "மா" என்றாள். சரி என்றேன். என்னால் இன்னொரு தடவை துண்டைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்க்க முடியாது.

பை கட்டினேன். உடுப்பு எட்டு, சளி மருந்து, யானை பொம்மை. பதினொன்றரை பஸ். அண்ணி இடுப்பில் மகி. பஸ் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம், என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இவர் பஸ் நிறுத்தத்தில் பைக் மேல் உட்கார்ந்து சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பஸ் போனது. நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். இவர் வரவில்லை. வயலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

ஒரு மணிக்கு வந்தார். பைக்கில் முன்னால் மகி, இவர் கழுத்தில் யானை பொம்மை வைத்த பை. பஸ்ஸைத் துரத்திக்கொண்டுபோய் மூன்றாவது நிறுத்தத்தில் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணி பஸ்ஸுக்குள்ளிருந்தே நன்றாகத் திட்டினாராம்.

"ஏங்க?" என்றேன்.

"நீ போனப்புறம் இவள நான்தானே பாக்கணும்? ஒரு வாரம் அக்கா பாத்து மறக்கடிச்சா, அது அக்காவுக்குப் பழகும். எனக்கு எப்பப் பழகறது?" மகியைக் கீழே இறக்கிவிட்டு, "வீட்ல நீயும் இருக்கும்போதே நான் கத்துக்கறேன் சுகு. தப்புப் பண்ணா சொல்லு" என்றார்.

இந்த மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஜன. 27, செவ்வாய்

நேற்றிலிருந்து பழையபடி பால் கொடுக்கிறேன். குறைப்பதற்குத் திட்டம் போட்டேன், மாத்திரைக்குப் போடுவதைப்போல. ஒரு நாளைக்கு ஏழு. முதலில் நடுப்பகல் ஒன்றை எடுப்பது. ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை இன்னொன்று. எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் இவர் வருவார். காலை முதல் தடவையும் தூங்கும்போது கொடுப்பதும் கடைசியில்.

இன்றைய நடுப்பகல் இவருடையது. கேழ்வரகுக் கஞ்சி. கட்டி. முக்கால்வாசி சட்டை மேல். மகியைத் தூங்கவைக்கப் பாட்டும் பாடினார். மாட்டை ஓட்டுகிற குரல். மகி பயந்துபோய்ச் சும்மா இருந்தாள். அதுவும் ஒரு வழி.

ஜன. 28, புதன்

மேடத்துக்கு டேப்பர் ஆஃப் அனுப்பினேன். கூடவே டுவிண்டில்: மை மில்க் இஸ் டுவிண்ட்லிங். பதில் குரல் பதிவு: "வாக்கியம் சரிதாம்மா. வார்டுல 'சப்ளை'ன்னு சேத்துக்கோங்க." அதே பதிவில் தொடர்ந்தார்: "நான் துபாய்க்குப் போகும்போது எம் பையனுக்கு ஒண்ணேகால் வயசு. ஒரே நாள்ல நிறுத்திட்டுப் போனேன். நீங்க மெதுவாப் பண்ணுங்க." மூன்று தடவை கேட்டேன்.

ஜன. 30, வெள்ளி

இன்று: காலை 5.30, 10, மாலை 6, 8. நான்கு.

மேட்டூர் அணையை மூடிவிட்டார்களாம். எங்கள் வாய்க்காலுக்குத் தெரிய இன்னும் சில நாள் ஆகும், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை இல்லையா. அறுப்பு பாதி முடிந்தது. இவர் அறுப்புக்கு முன்னாலேயே தாளடி நெல்லுக்கு ஊடே உளுந்து விதை தெளித்துவிட்டார். ஈரம் காய்வதற்குள் முளைத்துவிட வேண்டும் என்று காலையும் மாலையும் போய்க் குனிந்து பார்க்கிறார். மகியையும் கூட்டிக்கொண்டு போகிறார். அறுவடை இயந்திரத்தின் சத்தத்துக்கு அவள் காதை இவர் பொத்துகிறார், இவர் காதை அவள் பொத்துகிறாள்.

வேன் வார்த்தை தள்ளிக்கொண்டே போகிறது. நிலா தேய்வதைச் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் தைப்பூசம். வானத்தில் நிலா நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு வருகிறது. மேடத்திடம் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

பிப். 1, ஞாயிறு

பூசம். கோவிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். மகி இவர் தோளில். யாரோ ஒரு அம்மா, "புள்ள அப்பன விட்டு இறங்க மாட்டேங்குதே" என்றார். சிரித்தேன்.

இன்று பால் மூன்று தடவை.

பொறாமை. எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள். மதியம் பூனை பாய்ந்து மகி பயந்தபோது என்னைத் தாண்டி அவரிடம் ஓடினாள். நான் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில். அவருக்கும் சங்கடமாகப் போய், "அம்மாகிட்ட போடா" என்று என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இதற்காகத்தான் எல்லாம் செய்கிறோம். ஆனாலும்.

பிப். 3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. பல் டாக்டர் முடிந்தது. ஸ்வெட்டர் கிடைத்தது, கத்தரிப்பூ நிறம், வேறு நிறம் இல்லை.

மார்பில் வலி இல்லை. கட்டி இல்லை. உடுப்பில் கறை இல்லை. நர்ஸாகப் பார்த்தால் மிக நல்ல முன்னேற்றம்.

பாலை நிறுத்துவதற்கு இங்கிலீஷில் வீன் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, மேடம் பட்டியலில் இல்லை, வார்டில் சொல்லிப் பழகியதுதான், இன்றுதான் பொருள் தேடிப் பார்த்தேன். பழக்கத்தை மாற்றுவது என்ற பொருள்தான் அதில். நாம் பால் மறக்கடிப்பது என்கிறோம். மறக்கத்தான் வைக்கிறோம். பாலைத்தானே மறக்க வேண்டும், என்னை இல்லையே என்று இவரிடம் கேட்டேன். "என்ன பேச்சு இது" என்று என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். ரசம் கேட்கவே இல்லை நான்.

காலை ஒன்று, இரவு ஒன்று. இரண்டு.

பிப். 5, வியாழன்

இரவில் தூங்கவைப்பதும் இவரிடம் போய்விட்டது. பைக்கில் வாய்க்கால் கரை வரை ஒரு சுற்று, திரும்பும்போது தூங்கிவிடுகிறாள். பெட்ரோல் செலவாகிறது என்று நான் சொன்னேன். சொன்னபோதே அது காரணம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

இன்று காலை எழுந்தவுடன் என்னைத் தேடவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி, "ப்பா, டுர்ர்" என்று வாசலுக்குப் போனாள். நானும் கூப்பிடவில்லை. ஆக இன்று ஒன்றும் இல்லை. பூஜ்யம் போடப் போனேன். போடாமல் கோடு போட்டு வைத்தேன்.

ஏஜென்சி பெண் போன். லக்கேஜ் முப்பது கிலோ. ஊறுகாய் மூடியை டேப் போட்டு ஒட்டச் சொன்னாள்.

பிப். 7, சனி

நல்ல வெயில். அறுப்பு முடிந்தது. வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர், பையன்கள் கெண்டை பிடிக்கிறார்கள். காலையில் இவர் நெல்லோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மகியும்.

இன்னும் நாலு நாள்.

மூன்றாவது நாளாகக் கேட்கவில்லை. அழவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், எடை இறங்கவில்லை. எல்லாம் நினைத்தபடி.

பதினோரு மணி இருக்கும். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மகி பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன், வீட்டில்தான் யாரும் இல்லையே. கட்டிலில் உட்கார்ந்து ஜிப்பை இறக்கினேன். பால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, காலையில் குளிக்கும்போது பார்த்தேன். "மகி, வா. அம்மாகிட்ட வா. ஒரே ஒரு தடவை" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. பத்து வருட நர்ஸ்.

வந்தாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு இரண்டு கையாலும் ஜிப்பைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மேலே இழுத்தாள். பாதியில் சிக்கியது. திரும்ப இழுத்தாள். கழுத்து வரை மூடிவிட்டு, உடுப்பு மாட்டி முடித்ததும் நான் அவளைத் தட்டுவதைப்போலவே என் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினாள்.

வாசலில் பைக் சத்தம். "ப்பா" என்றாள். சாத்திய கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். எழுந்து போய் நான்தான் திறந்துவிட்டேன். நிலைப்படியைத் தாண்டினதும் நின்று, திரும்பி, எனக்கு டாட்டா காட்டிவிட்டு ஓடினாள்.